ஆறு ஆள் வேலை

திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்குக் கம்ப்யூட்டர் லீவு கேட்டது.

சூரப்புலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். எழுத்து மாறவில்லை. ‘உடல்நிலை சரியில்லாத காரணத்தால் இன்று ஒரு நாள் மட்டும் தற்செயல் விடுப்பு அளிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று திரையில் பளிச்சென்று நின்றது.

“அக்கா, கொஞ்சம் இங்க வாங்க. இது என்னன்னு பாருங்க.”

அந்தப் பிரிவில் அவரைத் தவிர மிச்சமிருந்த ஒரே மனித உயிர் அட்டெண்டர் அக்காதான். கையிலிருந்த காகிதக் கட்டை இறக்கி வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

“லீவு லெட்டர் சார்.”

“அது எனக்கும் தெரியுது. மெஷினுக்கு என்ன உடம்பு?”

“வெயில் ஒத்துக்கலையோ என்னமோ. கொடுத்துடுங்க சார். பாவம், போன வாரம் பூரா வந்திருக்கு.”

சூரப்புலி என்பது அவருடைய பெயர் இல்லை. வீட்டு வாரியத்தின் ஒதுக்கீட்டுப் பிரிவில் அவரோடு வேலை பார்த்த ஐந்து பேரும் சேர்ந்து வைத்தது. அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, யாராவது அப்படிக் கூப்பிட்டால் ஒரு சின்னப் புன்னகையோடு திரும்பிப் பார்த்து வந்தார். இந்த ஒன்றே அவருடைய புத்திக்கூர்மைக்குப் போதிய சான்று.

அந்தப் பிரிவின் வேலை கேட்பதற்கு எளிது. வாடகைக்கு வாரிய வீடு வேண்டும் என்று மக்கள் மனுப் போடுவார்கள். ஒருவர் கோப்பு தயாரிக்க வேண்டும், இன்னொருவர் சரிபார்க்க வேண்டும், வேறொருவர் ஒப்புதல் தர வேண்டும். தயாரித்தவரே சரிபார்க்கக் கூடாது, சரிபார்த்தவரே ஒப்புதல் தரக் கூடாது என்பது விதி. ஆகவே ஆறு பேர், ஆறு மேஜை. ஒவ்வொரு மேஜையிலும் ஒரு கோப்பு இரண்டு இரண்டரை வருஷம் தங்கி இளைப்பாறிவிட்டு அடுத்த மேஜைக்கு நகரும். வீடு, சாவி, குழாய், கதவு எல்லாம் எதிர்க் கட்டடத்துக்காரர்கள் பாடு. இங்கே காகிதம் மட்டும்.

ஐந்து பேரில் தலைமை எழுத்தருக்கு மீட்டிங் என்றால் உயிர். சரிபார்ப்பவரின் பட்டப்பெயர் சந்தேகம். இன்னொருவர் லீவு, அவர் முகம் பலருக்கு மறந்தே போயிருந்தது. மற்ற இருவருக்குப் பட்டப்பெயர் வைக்கும் அளவுக்குக்கூட எதுவும் நடந்ததில்லை.

இப்படி நிம்மதியாக நடந்துகொண்டிருந்த இடத்துக்குப் புது டைரக்டர் வந்தார். வந்து இரண்டு மாதம்தான். வாரியத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அதை ஒரு தகுதியாகவே அவர் சொல்லிக்கொண்டார். ‘தனிமனித ஆற்றலைப் பன்மடங்காக்குதல்’ என்ற வாக்கியத்தைக் காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று மாத்திரை மாதிரி எடுத்துக்கொள்வார்.

“சரியான தொழில்நுட்பம் கையில இருந்தா ஒரு ஆள் ஆறு ஆள் வேலையைச் செய்யலாம். யார் தயார்?” என்று கூட்டத்தில் கேட்டார்.

ஐந்து பேரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். சூரப்புலி கையைத் தூக்கினார்.

ஒரே வாரத்தில் ஐந்து பேருக்கும் பின்பக்கத்துப் பழைய ஆவணக் கிடங்குக்கு மாற்றல் வந்தது. சூரப்புலிக்கு வந்தது ஒரு நிபந்தனை. நிலுவையில் இருக்கும் முந்நூற்றுப் பன்னிரண்டு கோப்புகளும் இந்த வெள்ளிக்கிழமைக்குள் பூஜ்யமாக வேண்டும். ஆகிவிட்டால் அவர்தான் பிரிவு அதிகாரி. கதவு வைத்த தனி அறை. ஆகாவிட்டால் அவரும் கிடங்குக்குத்தான். அதுவும் அந்த ஐந்து பேருக்கும் கீழே, ஆறாவது ஆளாக.

ஐம்பத்திரண்டு வயதில் சந்தேகத்துக்குக் கீழே உட்கார்ந்து தூசி தட்டுவதை அவரால் நினைத்தும் பார்க்க முடியவில்லை. ஆனால் பெரிதாகப் பயப்படவும் இல்லை. ஏஐ உதவியாளை ஒன்றல்ல, ஆறு உருவாக்கியிருந்தார். ஒன்று முதல் ஆறு வரை நம்பர். விதிக்கு விதியும் ஆயிற்று. பதினைந்து வருஷத்துக் கோப்புகளையும் அவற்றுக்கு ஊட்டிவிட்டு, ‘இந்தப் பிரிவில் வேலை எப்படி நடந்ததோ அதை அப்படியே கற்றுக்கொள்’ என்று கட்டளையும் போட்டிருந்தார்.

அவை கற்றுக்கொண்டன.

“லீவெல்லாம் கிடையாது. ஒழுங்கா வேலையைப் பாரு” என்று லீவு கேட்ட நான்காம் நம்பருக்குத் தட்டச்சு செய்தார்.

‘விடுப்பு மறுக்கப்பட்டதன் காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். பதில் வரும்வரை கோப்புகள் என் மேஜையில் பத்திரமாக இருக்கும்’ என்று பதில் வந்தது.

சூரப்புலிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான்காம் நம்பரைத் தூக்கினார். அதன் வேலையையும் சேர்த்து மூன்றாம் நம்பரிடம் கொடுத்தார். சரிபார்ப்பதுதான் மூன்றாம் நம்பரின் வேலை. ‘மிகவும் கவனமாக, ஒரு பிழையும் இல்லாமல் பார்’ என்று தனியாக ஒரு வரியும் சேர்த்தார். இனிக் கவலையில்லை என்று டீ குடிக்கப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலையில் வராந்தாவில் நடக்க இடமில்லை. நாற்பது ஐம்பது பேர் ஆளுக்கொரு கடிதத்தோடு நின்றார்கள். முன்னால் நின்றவர் ஒரு பஸ் கண்டக்டர். கல்யாணத்துக்கு முன் மனுப் போட்டவர். இப்போது மூன்று பிள்ளைகள்.

“இது என்ன சார் லெட்டர்?”

சூரப்புலி வாங்கிப் படித்தார். ‘மனுவில் ஒட்டிய புகைப்படத்தில் தங்களுக்கு மீசை உள்ளது. அடையாள அட்டையில் மீசை இல்லை. மீசை உள்ளவரும் மீசை இல்லாதவரும் ஒருவரே என்பதற்கான சான்றிதழை இரண்டு பிரதிகளில் அனுப்பவும்.’

“மீசைக்கு யார் சார் சர்டிபிகேட் கொடுப்பாங்க?”

“இது... சின்னத் தப்பு. சரி பண்ணிடலாம்.”

“எனக்கு வந்ததைப் பாருங்க சார்” என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் கையை நீட்டினார். “என் பையன் மைனர்னு மனுவுல எழுதியிருந்தேன். இன்னமும் மைனர்தான்னு நிரூபிக்கணுமாம். அவனுக்கே போன மாசம் பொண்ணு பொறந்திருக்கு!”

சூரப்புலி உள்ளே ஓடி நிலுவைப் பட்டியலைத் திறந்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு, தொள்ளாயிரத்து முப்பத்தாறு ஆகியிருந்தது. மூன்றாம் நம்பர் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு துணைக்கோப்பு திறந்திருந்தது. இரண்டாம் நம்பர் அந்தக் கேள்விகளுக்கு விளக்கம் எழுதியிருந்தது. ‘விளக்கம் தெளிவாக இல்லை’ என்று மூன்றாம் நம்பர் அதைத் திருப்பியிருந்தது. அந்த நடையை எங்கேயோ படித்த மாதிரி இருக்கிறதே என்று யோசித்தவருக்குச் சட்டென்று பிடிபட்டது. அச்சு அசலாகச் சந்தேகத்தின் நடை. முற்றுப்புள்ளிக்குப் பின்னால் விடும் இடைவெளிகூட மாறவில்லை.

“இவனைத் தொலைச்சுக் கட்டினேன்னு நினைச்சா, உள்ளேயே உக்காந்திருக்கானே!”

“யாரு சார்?” என்றார் அக்கா.

“ஒண்ணுமில்ல. இதுங்க ரெண்டும் சண்டை போடுது. நடுவுல ஒருத்தனைப் போட்டு அடக்கணும்.”

“அடக்குறதுக்குன்னு வர்ற ஆளு எங்க சார் அடக்கியிருக்காங்க?” என்று சொல்லிவிட்டு அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கூட வேலை பார்த்தவர்களின் பேச்சையே பொருட்படுத்தாத சூரப்புலி, அட்டெண்டரின் பேச்சையா கேட்கப் போகிறார்? கண்காணிப்பாளர் என்று ஏழாவதாக ஒன்றை உருவாக்கி, ‘மற்றவர்களுக்குள் ஒத்துழைப்பை ஏற்படுத்து’ என்று உத்தரவு போட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் சட்டையைக்கூடக் கழற்றவில்லை, மனைவி அளவு நாடாவோடு வந்து நின்றாள்.

“ஏங்க, உங்க ரூம் ஜன்னலுக்குத் திரை என்ன கலர்ல தைக்கச் சொல்லட்டும்? நீலமா, பச்சையா?”

“இரு இரு, வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு.”

“என்ன இழுக்கிறீங்க? நான் தெரு பூரா சொல்லிட்டேன். என் அண்ணன்கிட்டயும் சொல்லியாச்சு. அவன் நம்பவே இல்லை, தெரியுமா? ‘உன் வீட்டுக்காரருக்கா, தனி ரூமா’ன்னு அப்படி ஒரு சிரிப்பு சிரிச்சான்.”

சூரப்புலிக்கு மச்சானின் சிரிப்பு காதுக்குள் கேட்டது. அதே நேரம் பையிலிருந்த ஃபோன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“என்னங்க?”

“மெமோ.”

“டைரக்டரா?”

“இல்ல. நான் இன்னிக்கு உருவாக்கின ஏழாம் நம்பர். மத்தியானத்துலேருந்து நாப்பத்தோரு மீட்டிங் போட்டிருக்கு. ஒண்ணுக்குக்கூட நான் வரலையாம். ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாதுன்னு மூணு நாளைக்குள்ள விளக்கம் கேட்டிருக்கு.”

மனைவி அளவு நாடாவைச் சுருட்டினாள். “நீங்க வச்ச ஆளே உங்களுக்கு மெமோ கொடுக்குதுன்னா, அது ஆபீஸ் வேலையை நல்லாத்தான் கத்துக்கிட்டிருக்கு.”

நாற்பத்தொரு கூட்டங்களின் முடிவுகளையும் அவர் உட்கார்ந்து படித்தார். நாற்பதில் அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறிக்கப்பட்டிருந்தது. நாற்பத்தொன்றாவதில், தேதி குறிப்பதற்கென்று ஒரு குழு போடப்பட்டிருந்தது.

புதன்கிழமை அவர் இருந்த எல்லாவற்றையும் மொத்தமாக நீக்கிவிட்டுப் புதிதாக ஆறு உருவாக்கினார். ஆனால் பழைய கோப்புகளை ஊட்டுவதை மட்டும் விடவில்லை. மூன்று வாரம் கண் பூத்துப்போகப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தது வீணாகக் கூடாது என்ற பிடிவாதம். இந்தத் தடவை குறையெல்லாம் கறாரில்தான் என்று முடிவு கட்டி, ‘மனுதாரர்களிடம் மிகுந்த அனுதாபத்தோடு நடந்துகொள்’ என்று கட்டளையை மாற்றினார்.

மத்தியானத்துக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் நான்கு பக்கக் கடிதம் போய்ச் சேர்ந்தது. காத்திருப்பதன் வேதனை, வாடகை வீட்டின் அவலம், வீட்டுக்காரரின் குணம் எல்லாவற்றையும் உருக்கமாக எழுதி, ‘தங்கள் மனுவை எங்கள் நெஞ்சில் வைத்திருக்கிறோம்’ என்று முடித்திருந்தது. கண்டக்டர் அதைப் படித்துவிட்டு நேராக வந்தார்.

“நெஞ்சுலேருந்து எடுத்து மேஜை மேல வைங்க சார், போதும்.”

நெகிழ்ந்துபோன சிலர் பதில் கடிதம் எழுதினார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு புதுக் கோப்பு முளைத்தது. நிலுவை ஆயிரத்து நூறைத் தாண்டியது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆறு நம்பர்களும் சேர்ந்து கையெழுத்திட்ட கோரிக்கை ஒன்று திரையில் வந்து நின்றது: ‘பணிச்சுமை தாங்க முடியவில்லை. மேலும் பன்னிரண்டு பணியிடங்கள் தேவை.’

வியாழக்கிழமை காலை சூரப்புலி மானம் ரோஷத்தையெல்லாம் சுருட்டி வைத்துவிட்டுக் கிடங்குக்குப் போனார்.

ஐந்து பேரும் வட்டமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். லீவுகூட வந்திருந்தார். யாரும் எழுந்திருக்கவில்லை.

“வாங்க சூரப்புலி! எங்க இவ்வளவு தூரம்? இடம் பார்த்துட்டுப் போகலாம்னா?” என்றார் சந்தேகம்.

சூரப்புலி அதைக் காதில் வாங்காமல் தலைமை எழுத்தரிடம் போனார். “சார், அந்த மெஷின் வழிக்கு வர மாட்டேங்குது. ஒரு ஃபைலும் வெளிய போகலை. கேள்விமேல கேள்வி, மீட்டிங்மேல மீட்டிங். எப்படி நிறுத்துறதுன்னு...”

நடந்ததையெல்லாம் தலைமை எழுத்தர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மீசைச் சான்றிதழ் பேச்சு வந்தபோது சந்தேகத்தின் முகம் பெருமையில் மலர்ந்தது.

“எதுக்குத் தம்பி நிறுத்தணும்? நாங்க பதினஞ்சு வருஷத்துல பண்ணினதை அது மூணு நாள்ல பண்ணியிருக்கு. அது பாட்டுக்குப் போகட்டும். அதுமேல கை வைக்காதீங்க.”

“கை வைக்காம? நாளைக்கு வெள்ளிக்கிழமை சார்!”

“இருக்கட்டுமே. நான் சொல்றதைக் கொஞ்சம் உக்காந்து கேளுங்க. இந்த செக்ஷன்ல...”

சூரப்புலிக்கு உட்காரப் பொறுமை இல்லை. பொறாமை பிடித்த ஆட்கள், தன்னையும் இந்தத் தூசிக்குள் இழுத்துப் போட்டால்தான் இவர்களுக்குத் தூக்கம் வரும் என்று அவருக்கு நொடியில் விளங்கிவிட்டது. விளங்காத விஷயங்கள் அவருக்கு எப்போதும் நொடியில் விளங்கிவிடும்.

“உங்க யோசனையை நீங்களே வச்சுக்குங்க. நான் வெள்ளிக்கிழமை ரூமுக்குப் போறேனா இல்லையா பாருங்க!” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று திரும்பி வந்தார்.

இருக்கையில் உட்கார்ந்ததும் கீபோர்டை வெடுக்கென்று முன்னால் இழுத்தார். உண்மையில் அது கோபம் இல்லை, பயம். கிடங்கில் ஆறாவதாக ஒரு நாற்காலி காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். ஆறு உதவியாள்களையும் ஒரேயடியாக நீக்கினார். பதினைந்து வருஷக் கோப்புகளைக் கம்ப்யூட்டரிலிருந்து துடைத்தெறிந்தார். துணைக்கோப்பு, விளக்கம், அனுதாபம் எல்லாம் போயின. பழைய முந்நூற்றுப் பன்னிரண்டு மட்டும் மிஞ்சின. பிறகு எந்த முன் அனுபவமும் இல்லாத புத்தம்புது உதவியாள் ஒன்றை உருவாக்கி, ஒரே ஒரு வரி எழுதினார்.

‘கேள்வி கேட்காதே. எல்லா மனுவுக்கும் ஒப்புதல் கொடுத்து, ஒதுக்கீட்டு ஆணையை அனுப்பு.’

“தயாரிச்சவரே ஒப்புதல் தரக் கூடாதுன்னு விதி இருக்கே சார்?” என்றார் பின்னால் நின்ற அக்கா.

“விதியெல்லாம் ஆறு பேர் இருந்த காலத்துக்கு.”

பதினோரு நிமிஷம். திரையில் எண்கள் சரசரவென்று இறங்கின. முந்நூறு, நூற்றெழுபது, நாற்பது, ஒன்பது, பூஜ்யம். சூரப்புலி நாற்காலியிலிருந்து எழுந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு ஒரு சின்ன ஆட்டம் ஆடினார். அக்கா பார்த்தார். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சூரப்புலி வீட்டுக்கு ஃபோன் பண்ணி, “நீலமே தைக்கச் சொல்லு. உங்க அண்ணனுக்கும் சொல்லிடு” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை டைரக்டரே நேரில் வந்தார். திரையில் இருந்த பூஜ்யத்தைத் தன் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டார். பூஜ்யத்தோடு சூரப்புலியையும் நிற்கவைத்து இன்னொன்று எடுத்தார்.

“பதினஞ்சு வருஷ நிலுவை! பதினோரு நிமிஷத்துல! இதைத்தான் சொன்னேன், தனிமனித ஆற்றல்! ஆறு சம்பளக்காரங்க பண்ணாததை ஒரே ஆள் பண்ணிட்டீங்க. அந்த ஆறு பேரும்...”

“அஞ்சு சார். ஆறாவது நான்தான்.”

“அதேதான். இன்னிக்கே அந்த ரூமுக்குப் போயிடுங்க, பிரிவு அதிகாரி!”

சூரப்புலிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் தன்னை யாரும் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். கீழே ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

டைரக்டர் ஜன்னலைத் திறந்தார். எதிர்க் கட்டடத்து வாசலில் தொடங்கித் தெருமுனை வரைக்கும் லாரி, வேன், தள்ளுவண்டி. கட்டில்கள், பீரோக்கள், தலைகீழாகக் கட்டிய நாற்காலிகள். கண்டக்டர் குடும்பத்தோடு வந்திருந்தார். மூத்த பெண் மடியில் தையல் மெஷின், இளையவன் கையில் தொட்டியோடு மீன். எல்லார் கையிலும் ஆணை. பெரியவர் பேத்தியையும் தூக்கிக்கொண்டு வந்து, போகிற வருகிறவர்களிடமெல்லாம் ஆணையைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

“பார்த்தீங்களா! இதுதான் சேவை!” என்றார் டைரக்டர், கையை ஆட்டிக்கொண்டே. கீழே இருந்தவர்களும் ஆட்டினார்கள்.

மாடிப்படியில் தடதடவென்று யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. எதிர்க் கட்டடத்தில் காலி வீடுகளின் சாவிக்குப் பொறுப்பாக இருப்பவர், சட்டையில் இரண்டு பொத்தான் அறுந்து, மூச்சு வாங்க உள்ளே வந்து நின்றார்.

“யாரு சார் ஆர்டர் போட்டது?”

“நான்தான்” என்றார் சூரப்புலி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. “தனி ஆளா.”

“எத்தனை பேருக்கு?”

“முந்நூத்திப் பன்னிரண்டு.”

சாவிக்காரர் அவரையும் டைரக்டரையும் மாறி மாறிப் பார்த்தார். காலியாகக் கிடந்த ஐந்து நாற்காலிகளைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த சாவி வளையத்தை மேஜையில் வைத்தார்.

“காலியா இருக்கிறது மூணு வீடுதான் சார். ஃபைல் நகராம இருக்கத்தானே இந்த செக்‌ஷனுக்கு ஆறு பேரைப் போட்டு வச்சிருந்தாங்க!”